ஊசி எண்ணும் பூக்கட்டமும்: கையுறைப் பின்னல் குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பெண்கள் இணைப்பில் அண்மையில் வந்த ‘குறிஞ்சிப் பூப்போட்ட விரலில்லாக் கையுறை’ செய்முறை குறித்து இந்தக் கடிதம். மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கம் மார்கழி பிறந்துவிட்டால் காலையில் சில்லறை எண்ணவே விரல் மடங்காது. ஆட்டோ ஓட்டுபவர், கடைக் கல்லாவில் இருப்பவர், பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ளங்கை மூடி விரல் வெளியே நிற்கும் கையுறைதான் தோது. அதனால் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு உல்லன் நூல் வாங்கப் போனவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் அச்சான குறிப்பை அப்படியே பின்பற்றினால் கையுறை வராது. எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறோம்.

முதல் பிசகு ஊசியில். ‘2 ஆம் எண், 3 ஆம் எண் ஊசி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே எண் ஏற ஏற ஊசி தடிக்கும். நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு, எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க 3 என்பது 3.25 மில்லிமீட்டர், நம் கடையில் அதற்குப் பெயர் 10 ஆம் எண். நம் கடையில் 3 ஆம் எண் கேட்டால் கைக்கு வருவது 6.5 மில்லிமீட்டர் தடி. நாலு இழை நூலை அதில் பின்னினால் கையுறைக்குப் பதில் மீன்வலை வரும். குறிப்பில் உள்ள 2 ஆம் எண்ணுக்கு நம் 12 ஆம் எண், அதாவது 2.75 மில்லிமீட்டர். இனி எந்தப் பின்னல் குறிப்பு வெளியிட்டாலும் மில்லிமீட்டரையும் சேர்த்துப் போடுங்கள், குழப்பமே இருக்காது.

இரண்டாவது, ‘இரண்டு ஊசியில் முன்னும் பின்னும் பின்னி ஓரத்தைத் தைத்துவிடவும்’ என்ற வரி. ஒற்றை நிறத்துக்கு அது சரி. இரண்டு நிறத்தில் பூ எடுக்கும்போது ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பின்பக்கமிருந்து பர்ல் கண்ணியாக, அதாவது மேடு நம் பக்கம் விழும் வளையமாக, போட வேண்டிவரும். அப்போது பூ கண்ணுக்குத் தெரியாது, பூ வரைந்த கட்டத்தை வலமிருந்து இடமாக ஒரு வரிசை, இடமிருந்து வலமாக ஒரு வரிசை என்று மாற்றிப் படிக்க வேண்டும், இரண்டு நூலும் முன்பக்கம் வந்து சிக்கும். பழகியவர்களுக்கே மேடு மறுபக்கம் விழும் நிட் வரிசை ஓர் இறுக்கத்திலும் பர்ல் வரிசை வேறோர் இறுக்கத்திலும் விழும். இருபக்கமும் கூரான ஐந்து ஊசி கொண்ட செட் வாங்கிச் சுற்றாகப் பின்னுவதே வழி. எல்லாச் சுற்றும் நிட், பூ எப்போதும் கண் முன்னே, கட்டத்தை எப்போதும் வலமிருந்து இடமாகப் படித்தால் போதும். கீழே நாங்கள் தரும் அளவுக்கு ஐந்து ஊசி செட் இன்னொரு வகையிலும் வசதி: நான்கு ஊசியில் 14, 14 கண்ணியாக 56 நிற்கும், ஓர் ஊசிக்கு ஒரு பூ.

மூன்றாவது பிசகு, பூக்கட்டத்தில் ஒரு வரிசை 13 கண்ணியோடு நின்றுவிட்டது. ஒரு கண்ணி குறைந்தால் அந்தச் சுற்றில் பூவுக்குப் பூ ஒரு கண்ணியாக நகர்வு கூடிக்கொண்டே போகும், அடுத்த சுற்றில் இதழ் ஒடிந்து தெரியும். அச்சுப் பிழை எங்கும் நடப்பதுதான். ஆனால் ஒவ்வொரு வரிசையையும் கூட்டிப் பார்த்து 14 வருகிறதா என்று சரிபார்க்கச் சொல்லியிருந்தால் படிப்பவரே கண்டுபிடித்திருப்பார்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அச்சிட்டது குறிஞ்சி அல்ல. 2018 இல் இரவிகுளம் தேசியப் பூங்காவில் பூத்து, இனி 2030 இல் பூக்க வேண்டிய நீலக்குறிஞ்சி மணி மாதிரிக் குவிந்து, கொத்துக் கொத்தாகக் காம்போடு ஒட்டி நிற்கும் பூ. அதைப் பதின்மூன்று கட்டத்துக்குள் அடைக்க முடியாது. உங்கள் படத்தில் இருப்பது நார்வே நாட்டின் செல்பு ஊர்க் கையுறைகளில் வரும் எட்டிதழ்ப் பூ. 1857 இல் மாரிட் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் பின்னி அணிந்ததிலிருந்து அங்கே பரவியது என்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாகத்தான் அதைப் பின்னுவது மரபு.

இப்போது அளவு. கட்டைவிரலை விட்டுவிட்டு விரல் முட்டிகளைச் சுற்றி நாடா பிடித்தால் பெரும்பாலான பெண்களுக்கு 18.5 முதல் 19.5 சென்டிமீட்டர் வரும். இரண்டு நிறப் பின்னல் ஒற்றை நிறம் போல இழுபடாது, ஓய்வில் இருக்கும் நிறத்தின் நூல் துணிக்குப் பின்னால் ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கையுறைச் சுற்றளவு 20 சென்டிமீட்டர் வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி, 32 சுற்று என்பது நம் இலக்கு. 28 என்பது இரண்டு பூ. கையுறை தொடங்கும் முன் சோதனைக்குப் பின்னும் அளவுத் துண்டில் இரண்டு பூவைப் பக்கத்தில் பக்கத்தில் பின்னி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சரியாக 10 சென்டிமீட்டர் என்றால் 56 கண்ணி 20 சென்டிமீட்டர் ஆகும். 10 சென்டிமீட்டருக்குள் 32 கண்ணி அடங்கிவிட்டால் கையுறை 17.5 தான் வரும், கை நுழையாது, ஒரு எண் தடித்த ஊசிக்குப் போங்கள். 26 தான் அடங்குகிறது என்றால் 21.5 வந்து தொளதொளக்கும், ஒரு எண் மெல்லிய ஊசி எடுங்கள். அளவுத் துண்டையும் சுற்றாகப் பின்னியது போலவே எடுக்க வேண்டும். வரிசை முடிந்ததும் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி நிட் போடுவது. முன்னும் பின்னுமாகப் பின்னிய துண்டு காட்டும் கணக்கு சுற்றுப் பின்னலுக்குப் பொருந்தாது.

நூல் இரண்டு நிறமும் ஒரே தடிமனில் நாலு இழை. ஒரு ஜோடிக்கு அடிநிறம் 35 கிராம், பூநிறம் 20 கிராம் போதும். 50 கிராம் கண்டு ஒவ்வொன்று வாங்கினால் மிஞ்சும். தேனி, குமுளிக் கடைகளில் எளிதில் கிடைப்பது அக்ரிலிக். அசல் கம்பளி விலை கூடுதல். ஆனால் பூப்பின்னலுக்குக் கம்பளிக்கு ஒரு நன்மை உண்டு: அதன் இழையில் செதில் இருப்பதால் பின்னால் ஓடும் நூல் துணியோடு ஒட்டிப் படுத்துவிடும், கண்ணி ஒன்று தளர்ந்தாலும் முதல் அலசலில் பக்கத்துக் கண்ணியோடு சமமாகும். அக்ரிலிக் வழுக்கும், எப்படி விழுந்ததோ அப்படியே நிற்கும். அக்ரிலிக்கில் பின்னுபவர்கள் வழவழப்பான உலோக ஊசிக்குப் பதில் மூங்கில் ஊசி வைத்துக்கொள்வது நல்லது. அதே சமயம், இடுக்கி மழையில் நாலு நாள் ஈரம் காயாத வீட்டில் அக்ரிலிக்தான் சீக்கிரம் உலரும். தினமும் துவைக்க வேண்டிய பிள்ளைகளின் கையுறைக்கு எங்கள் ஓட்டு அக்ரிலிக்குக்கே.

நிறத்துக்கு வருவோம். இரண்டு நிறமும் வேறு வேறாக இருப்பது போதாது, ஒன்று வெளிறியும் ஒன்று அடர்ந்தும் இருக்க வேண்டும். குறிஞ்சி நீலத்தைத் தேயிலைப் பச்சை மேல் போட்டால் கண்டாகப் பார்க்கும்போது அழகாக இருக்கும், பின்னியபின் இரண்டடி தள்ளி நின்றால் பூவே காணாமல் போகும், இரண்டும் ஒரே அடர்த்தி. இரண்டு கண்டையும் சேர்த்து வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். சாம்பலும் சாம்பலுமாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். நீலம்தான் வேண்டுமென்றால் வெண்மை கலந்த மஞ்சள் மேல் போடுங்கள், எடுப்பாக நிற்கும். சிவப்பு, மெரூன் எடுப்பவர்கள் ஒரு சாண் நூலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்கவும். சாயம் ஏறினால் வெளிர் நிறத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

பூ இதுதான். ‘அ’ என்பது அடிநிறம், ‘பூ’ என்பது பூநிறம். ஒரு சுற்றில் இதை நான்கு முறை திரும்பப் பின்ன வேண்டும்.

வரிசை 1: 3 அ, 1 பூ, 5 அ, 1 பூ, 3 அ, 1 பூ
வரிசை 2: 3 அ, 2 பூ, 3 அ, 2 பூ, 4 அ
வரிசை 3: 3 அ, 3 பூ, 1 அ, 3 பூ, 4 அ
வரிசை 4: 3 பூ, 1 அ, 2 பூ, 1 அ, 2 பூ, 1 அ, 3 பூ, 1 அ
வரிசை 5: 1 அ, 3 பூ, 1 அ, 1 பூ, 1 அ, 1 பூ, 1 அ, 3 பூ, 2 அ
வரிசை 6: 2 அ, 3 பூ, 3 அ, 3 பூ, 3 அ
வரிசை 7: 6 அ, 1 பூ, 6 அ, 1 பூ

எட்டாவது வரிசைக்கு ஆறாவதையும், ஒன்பதுக்கு ஐந்தையும், இப்படியே இறங்கி பதின்மூன்றுக்கு முதல் வரிசையையும் போட்டால் பூ முடியும். கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க: நோட்டுக் கட்டம் சதுரம், பின்னல் கண்ணி அகலம் கூடி உயரம் குறைந்தது. 14 கண்ணி 5 சென்டிமீட்டர், 13 சுற்று 4 சென்டிமீட்டர் சொச்சம்தான். நோட்டில் உருண்டையாக இருப்பது கையில் சற்றுப் படர்ந்து தெரியும், அது பிழையில்லை.

இனி கையுறை. அடிநிறத்தில் 52 கண்ணி ஏற்றுங்கள், 10 ஆம் எண் ஊசியில் ஏற்றி 12 ஆம் எண்ணில் பின்னத் தொடங்கினால் மணிக்கட்டு வாய் இறுகாது. வட்டமாகச் சேர்க்கும் முன் ஏற்றிய விளிம்பு எல்லா ஊசியிலும் உட்புறம் பார்த்து நிற்கிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தில் முறுக்கிக்கொண்டால் கடைசி வரை முறுக்குத்தான், அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. மணிக்கட்டுக்கு, ரப்பர் போல இழுபடும் 2 நிட் 2 பர்ல் ரிப் 5 சென்டிமீட்டர். பிறகு 10 ஆம் எண் ஊசிக்கு மாறி, ஒரு சுற்று நிட், அதில் 13 கண்ணிக்கு ஒன்று கூட்டி 56 ஆக்கி, ஊசிக்கு 14 எனப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு சுற்று வெறும் நிட்.

அடுத்த சுற்றில் முதல் பூ வரிசையும் கட்டைவிரல் கூட்டலும் சேர்ந்தே தொடங்கும். சுற்று ஆரம்பத்தில் பூநிற நூலை முறுக்கி ஊசியில் ஒரு வளையம் போடுங்கள், அதுதான் கட்டைவிரலுக்கு இடம்விட்டு அகலும் பட்டையின் முதல் கண்ணி. இந்தச் சுற்றை 1 என்று வைத்துக்கொண்டால் 4, 7, 10, 13, 16, 19, 22 ஆம் சுற்றுகளில் பட்டையின் இருபுறமும் ஒவ்வொரு வளையம் கூட்ட வேண்டும். 1 என்பது 3, 5, 7 என்று வளர்ந்து 15 இல் நிற்கும். பட்டையில் பூ வேண்டாம். நடுக் கண்ணி எப்போதும் பூநிறம், அதிலிருந்து இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாற்றிக்கொண்டே போங்கள். நெருக்கமாக நிறம் மாறுவதால் பின்னால் நீண்ட நூல் இராது, விரல் மாட்டாது, உள்ளே இரட்டை நூல் ஓடுவதால் கதகதப்பும் கூடும். 13 சுற்றில் முதல் பூ முடியும். 14, 15 ஆம் சுற்றுகள் முழுக்க அடிநிறம், பட்டையும் சேர்த்து. 16 இல் இரண்டாம் பூ தொடக்கம்.

23 ஆம் சுற்று ஆரம்பத்தில், அதாவது இரண்டாம் பூவின் எட்டாவது வரிசையில், பட்டையின் 15 கண்ணியை வேறொரு நூல் துண்டில் கோத்து நிறுத்திவிட்டு மீதி 56 கண்ணியை மட்டும் வட்டமாகச் சேர்த்துத் தொடருங்கள். பூ முடிந்ததும் இரண்டு சுற்று அடிநிறம், 12 ஆம் எண் ஊசியில் 1 நிட் 1 பர்ல் ரிப் 8 சுற்று, பிறகு 10 ஆம் எண் ஊசியால் தளர்வாகக் கண்ணி அடைக்கவும். இறுக அடைத்தால் விரல் மடக்கும்போது விளிம்பு வெட்டும். கட்டைவிரலுக்குக் கோத்து வைத்த 15 உடன், இடுக்கில் 5 கண்ணி எடுத்து, அடுத்த சுற்றிலேயே இரு ஓரத்திலும் இரண்டை ஒன்றாகச் சேர்த்து 18 ஆக்குங்கள். இடுக்கில் 3 மட்டும் எடுத்தால் கணக்கு வந்துவிடும், ஆனால் இரு மூலையிலும் ஓட்டை விழும். அடிநிறத்தில் 1 நிட் 1 பர்ல் ரிப் 8 சுற்று போட்டு அடைத்தால் ஒரு கை முடிந்தது. முன்பக்கம் இரண்டு பூ, பின்பக்கம் இரண்டு பூ என ஒரே மாதிரி இருப்பதால் இதில் இடது வலது கிடையாது, இரண்டையும் இப்படியே பின்னலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கை நுழையவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: பின்னால் ஓடும் நூலின் இறுக்கம். உங்கள் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பூநிறம் ஓய்வில் இருக்கும்போது அது அடிநிறக் கண்ணிகளுக்குப் பின்னால் சும்மா ஓடுகிறது. அடுத்த பூக்கண்ணியைப் போடும்போது கை தன்னையறியாமல் நூலை இழுக்கும். நூல் ஓடும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் நாலு பூவில் அது சேர்ந்து சுற்றளவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். மேற்புறம் சுருக்கம் விழுந்து, பூ குழிக்குள் போன மாதிரி இருந்தால் இதுதான் நோய். நீரில் அலசினாலும் தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அங்கே நூலே போதவில்லை.

மருந்து எளிது. நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும், புதுக் கண்ணியைப் போடுவதற்கு முன், வலது ஊசியில் கடைசியாகப் போட்ட கண்ணிகளை விரலால் பிரித்துப் பரப்பி விடுங்கள். பரப்பிய அகலத்துக்கு நூல் தானாக வந்து விழும். பரப்பாமல் நூலை மட்டும் தொங்கத் தொங்க விட்டால் உள்ளே தொங்கல் விழும், அதில் மோதிரமும் நகமும் மாட்டும். ஊசிக்கு ஊசி தாண்டும் மூலைகளில் இறுக்கம் அதிகம், மேற்கண்ட பூவில் 2, 3 ஆம் வரிசைகளின் நீண்ட நூல் அந்த மூலையில்தான் வருகிறது. அதற்கு ஒரு நல்ல உபாயம், குழாயை உள்வெளியாகத் திருப்பிப் பின்னுவது. நல்ல பக்கம் உள்ளே, ஓடும் நூல் வெளியே, பின்னும் ஊசி உங்களிடமிருந்து எதிர்ப்பக்கம். போடுவது அதே நிட் கண்ணிதான். வெளிச்சுற்று எப்போதும் உட்சுற்றைவிட நீளம் என்பதால் நூல் குறுக்கு வழியில் போக இடமில்லை. பார்க்கக் கொஞ்சம் விநோதமாக இருக்கும், இரண்டு சுற்றில் கை பழகிவிடும்.

ஐந்து கண்ணிக்கு மேல் நூல் ஓடினால் நடுவில் ஒரு முறை பிடித்துக்கொள்ள வேண்டும், அதாவது பின்னும் நூலை ஓடும் நூலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த கண்ணி போடுவது. இந்தப் பூவில் 2, 3, 11, 12 ஆம் வரிசைகளில் பூநிறம் 7 கண்ணிக்குப் பின்னால் ஓடும், 7 ஆம் வரிசையில் 6 கண்ணிக்குப் பின்னால். இரண்டாம் வரிசையில் 14 ஆவது கண்ணியில் பிடித்தால் மூன்றாம் வரிசையில் 13 ஆவதில் பிடியுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே கண்ணியில் பிடித்தால் அந்த இடத்தில் பள்ளம் கோடாக ஓடும், அடர்நிறம் வெளிர்நிறத்தின் வழியே எட்டியும் பார்க்கும். அதற்காக இரண்டு கண்ணிக்கு ஒரு முறை பிடிப்பவர்களும் உண்டு. வேண்டாம், துணி அட்டை மாதிரி விறைத்துவிடும்.

பூ மங்கலாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், எந்த நூல் மேலே எந்த நூல் கீழே என்று நிலையில்லாமல் எடுப்பது. கீழிருந்து வரும் நூல் சற்று நீண்ட வழி சுற்றி வருகிறது, அதனால் அதன் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாகி மேலெழும்பித் தெரியும். ஆகவே பூநிறம் எப்போதும் கீழிருந்து, அடிநிறம் எப்போதும் மேலிருந்து. நம்மில் பெரும்பாலோர் நூலை வலது கையில் பிடித்துப் பின்னுபவர்கள், அடிநிறத்தை ஆள்காட்டி விரலிலும் பூநிறத்தை நடுவிரலிலும் போட்டுக்கொண்டால் கீழே விட்டு எடுக்க வேண்டியதில்லை. விட்டு எடுத்தாலும் இந்த ஒழுங்கைக் காத்தால் நூல் இரண்டும் முறுக்கிக்கொள்ளாது. பாதியில் காபி குடித்துவிட்டு வந்து மாற்றிப் பிடித்துப் பின்னினால் ஒரே கையுறையில் கீழ்ப் பூ பளிச்சென்றும் மேல் பூ சோகையாகவும் இருக்கும். ஒன்றிரண்டு கண்ணியில் நிறம் மாறிப்போனது முடித்தபின் தெரிந்தால் அவிழ்க்க வேண்டாம். மொட்டை ஊசியில் சரியான நிற நூலைக் கோத்து அந்தக் கண்ணியின் பாதையிலேயே மேலோட்டமாகத் தைத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் அவிழ்ப்பதுதான் மரியாதை.

கடைசியாக, ‘முடிந்ததும் இஸ்திரி போட்டுப் படிய வைக்கவும்’ என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் இழை. சூடான பெட்டி பட்டால் இழை உயிர் இழந்து தொய்ந்துவிடும், ரிப்பின் இழுவை போய்விடும், எத்தனை முறை துவைத்தாலும் திரும்பி வராது. அக்ரிலிக் கையுறையை நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகக் காயவைத்தால் போதும். கம்பளிக்கு வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறல், முறுக்காமல் துண்டுக்குள் அழுத்தல், பூவை விரலால் நீவி நேராக்கிப் பாயில் நிழல் காய்ச்சல். கொதிநீரும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும், பிள்ளை கைக்குக்கூட நுழையாது. கொடியில் தொங்கவிட வேண்டாம், நீரின் கனத்தில் மணிக்கட்டு நீண்டுவிடும்.

கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பூக்கையுறை உகந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பனியில் நனைந்த செடிக்குள் கை போய் வரும்போது பூப்பின்னல் இரட்டை நூலில் நீரை இழுத்துக் கனத்துவிடும், கவாத்து வெட்டிய குச்சியில் மாட்டினால் ஒரு நூல் இழுபட்டுப் பூவே கோணும். அவர்களுக்கு ஒற்றை நிறத்தில், முழுக்க 2 நிட் 2 பர்ல் ரிப்பில், இதே 52 கண்ணியில் பின்னியதே உழைக்கும்.

ஆண்கள் அளவு, பிள்ளைகள் அளவு கேட்டு எழுதுபவர்கள் இருப்பார்கள். கண்ணியைக் கூட்டிக் குறைக்க வேண்டாம், 14 இன் மடங்காக இல்லாவிட்டால் பூ சேராது. ஒரு பூ கூட்டி 70 ஆக்கினால் 25 சென்டிமீட்டர், யானைக்கால் மாதிரி. அதே 56 கண்ணியை, கொஞ்சம் தடித்த நூலில் 9 ஆம் எண் ஊசியில், அதாவது 3.75 மில்லிமீட்டரில், 10 சென்டிமீட்டருக்கு 25 கண்ணி வரும்படி பின்னினால் 22.4 சென்டிமீட்டர் வரும், ஆண் கைக்குச் சரி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று இழை நூலும் 12 ஆம் எண் ஊசியும் எடுத்து 32 கண்ணி அளவில் பின்னினால் 17.5. ஊசி மாறினால் சுற்றின் உயரமும் மாறும். கட்டைவிரலைப் பிரிக்கும் முன் கையில் மாட்டிப் பார்த்து, பட்டை கட்டைவிரல் இடுக்கைத் தொடுகிறதா என்று கண்டுகொள்ளுங்கள், தொடாவிட்டால் கூட்டாமல் ஒன்றிரண்டு சுற்று போடலாம்.

திருத்தத்தை அடுத்த வார இணைப்பில் வெளியிடும்போது பூக்கட்டத்தைச் சற்றுப் பெரிதாக, ஒரு கட்டம் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம். சென்ற முறை வந்த அளவில் அடைத்த கட்டமும் வெறும் கட்டமும் மை கலந்து ஒன்றாகத் தெரிந்தன.

இப்படிக்கு,
பின்னல் சொல்லித் தருவோர் சிலர்,
மூணாறு, இடுக்கி மாவட்டம்.